கேத்தே அரங்கின் லோக் வான் தோ: போரில் பார்வை மங்கியவர், பறவைகளைத் தேடியவர்

புக்கிட் பாஞ்சாங்கில் டௌன்டவுன் பாதை ரயிலில் ஏறினால், லிட்டில் இந்தியாவுக்கு அடுத்த நிலையம் ரோச்சோர். அங்கு இறங்கி சிலிகி சாலை வழியாகச் சற்று நடந்தால் ஹேண்டி ரோட்டில் கேத்தே கட்டடத்தைக் காணலாம். அதன் பழைய முகப்பு மட்டும் இன்றும் நிற்கிறது. பின்னால் இருப்பது 2006ல் திறக்கப்பட்ட புதிய கட்டடம். முகப்பு 2003ல் தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது.

சிங்கப்பூர்த் தமிழர்களுக்கு இந்த இடம் வெறும் திரையரங்கு அன்று. நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் 1943 அக்டோபர் 21ஆம் தேதி தற்காலிக சுதந்திர இந்திய அரசாங்கத்தை அறிவித்தது இந்த அரங்கில்தான். ஆனால், அரங்கின் உரிமையாளர் அன்று சிங்கப்பூரில் இல்லை. போரிலிருந்து தப்பிய அகதியாக அவர் இந்தியாவில் இருந்தார். அவர் பெயர் லோக் வான் தோ.

செல்வந்தர் வீட்டுப் பிள்ளை

லோக் வான் தோ 1915 ஜூன் 14ஆம் தேதி கோலாலம்பூரில் பிறந்தார். தந்தை லோக் யூ ஈயச் சுரங்கங்களாலும் ரப்பர் தோட்டங்களாலும் பெரும் பொருள் ஈட்டியவர். மலாயாவின் முன்னணிச் செல்வந்தர்களில் ஒருவர். மகனுக்கு இரண்டு வயது நிரம்புவதற்குள் அவர் காலமானார். அதன்பின் மகனை வளர்த்து, குடும்பச் சொத்தையும் கட்டிக்காத்தவர் தாயார் லிம் செங் கிம்.

உடல்நலம் கருதி வான் தோவைத் தாயார் சுவிட்சர்லாந்துக்கு அனுப்பிப் படிக்க வைத்தார். பிறகு அவர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியமும் வரலாறும் பயின்றார். வணிகக் குடும்பத்து வாரிசாக இருந்தும் புத்தகம், ஓவியம், புகைப்படம் ஆகியவற்றிலேயே அவர் மனம் அதிகம் லயித்தது.

மகன் வெளிநாட்டில் படித்துக்கொண்டிருந்தபோதே தாயார் திரையரங்குத் தொழிலில் இறங்கிவிட்டார். 1935ல் நிறுவனம் தொடங்கப்பட்டது. முதலில் கோலாலம்பூரில் பெவிலியன் அரங்கு எழுந்தது. அடுத்து சிங்கப்பூரில் கேத்தே.

வானளாவிய கட்டடம்

கட்டடத்தை வடிவமைத்தவர் ஃபிராங்க் புரூவர் என்னும் பிரிட்டிஷ் கட்டடக் கலைஞர். அதிக அலங்காரம் இல்லாத நேர்க்கோடுகளும் உயர்ந்தெழும் கோபுரமும் அன்றைய சிங்கப்பூருக்குப் புதியவை. அக்காலத்தில் தென்கிழக்காசியாவின் ஆக உயரமான கட்டடம் இதுவே. சிங்கப்பூரின் முதல் வானளாவிய கட்டடம் என்ற பெயரும் இதற்கு உண்டு.

திரையரங்கு 1939 அக்டோபர் 3ஆம் தேதி திறக்கப்பட்டது. சுமார் 1,300 பேர் அமரலாம். உள்ளே குளிர்சாதன வசதி. வீட்டில் மின்விசிறி இருப்பதே வசதியாகக் கருதப்பட்ட காலத்தில், படம் பார்க்க வந்தவர்களுக்கு அந்தக் குளிர்ச்சியும் ஒரு காட்சிதான். அரங்கு திறந்து மூன்றாண்டுகூட ஆகவில்லை, போர் வாசலுக்கு வந்துவிட்டது.

கடலில் கவிழ்ந்த வாழ்வு

1942 பிப்ரவரித் தொடக்கத்தில் லோக் சிங்கப்பூரை விட்டுக் கப்பலில் தப்பினார். சுமத்ராவுக்கு அருகே பங்கா நீரிணையில் ஜப்பானிய விமானங்கள் அந்தக் கப்பல்மீது குண்டு வீசின. கடுமையான தீக்காயங்களுடன் அவர் மீட்கப்பட்டார். கண்களும் பாதிக்கப்பட்டு, சில காலம் பார்வையே இல்லாமல் போனது. பத்தேவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில், சிகிச்சை பெற்று அங்கிருந்து இந்தியா சென்றார்.

அதே மாதம் 10ஆம் தேதி இரவு ஜப்பானியப் படை டாங்கிகளுடன் சுவா சூ காங் சாலை வழியாக வந்து புக்கிட் பாஞ்சாங் கிராமத்தைப் பிடித்தது. ஐந்து நாளில் சிங்கப்பூர் வீழ்ந்தது. கேத்தே கட்டடம் ஜப்பானியரின் ஒலிபரப்பு, பிரசாரப் பிரிவுகளின் இடமாக மாறியது.

இந்தியாவில் லோக்கின் பார்வை திரும்பியது. பம்பாயில் அவருக்குப் பறவையியல் அறிஞர் சாலிம் அலியின் நட்பு கிடைத்தது. சாலிம் அலியின் கள ஆய்வுப் பயணங்களில் அவரும் சேர்ந்துகொண்டார். விடியுமுன் எழுவது, புதரோரம் அசையாமல் காத்திருப்பது, கண்டதைக் குறித்து வைப்பது என அவருடைய நாள்கள் கழிந்தன. பார்வையை இழந்து மீண்டும் பெற்றவருக்குப் பறவைகளைப் பார்ப்பது வாழ்நாள் ஈடுபாடாயிற்று.

அவர் இல்லாத அரங்கில்

அந்த ஆண்டுகளில்தான் அவருடைய அரங்கில் இந்தியர் வரலாறு எழுதப்பட்டது. 1943 ஜூலை 4ஆம் தேதி ராஷ் பிஹாரி போஸ் இந்திய சுதந்திரச் சங்கத்தின் தலைமையை நேதாஜியிடம் ஒப்படைத்தது கேத்தேயில்தான். அக்டோபர் 21ஆம் தேதி அறிவிக்கப்பட்ட தற்காலிக அரசாங்கத்தில் சென்னையைச் சேர்ந்த மருத்துவர் லட்சுமி சுவாமிநாதனும் எஸ். ஏ. ஐயரும் அமைச்சர்களாயினர். மறுநாள், அருகிலுள்ள வாட்டர்லூ ஸ்திரீட்டில் ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் திறக்கப்பட்டது. மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து வந்த தமிழ்ப் பெண்கள் பலர் அந்தப் படையில் சேர்ந்தனர்.

இந்தியாவின் விடுதலைக்காகச் சிங்கப்பூர் இந்தியர்கள் அந்த அரங்கில் திரண்டபோது, அரங்கின் சொந்தக்காரர் அதே இந்தியாவில் அடைக்கலம் பெற்று உடல் தேறிக்கொண்டிருந்தார்.

திரும்பி வந்தபின்

போர் முடிந்ததும் மவுண்ட்பேட்டன் பிரபுவின் தென்கிழக்காசிய நேசப் படைத் தலைமையகம் கேத்தே கட்டடத்தில் இயங்கியது. நாடு திரும்பிய லோக், தொழிலை மீண்டும் கட்டியெழுப்பினார். மலாயா, சிங்கப்பூர் முழுவதும் கேத்தே திரையரங்குகள் பெருகின. 1953ல் ஹோ ஆ லோக் என்பவருடன் சேர்ந்து கேத்தே-கெரிஸ் படநிறுவனத்தைத் தொடங்கினார். ஈஸ்ட் கோஸ்ட் ரோட்டில் அதன் படப்பிடிப்பு நிலையம் இருந்தது. ஹாங்காங்கிலும் சீன மொழிப் படங்களைத் தயாரித்தார்.

கேத்தே-கெரிஸின் மலாய்ப் படங்களில் இந்தியர்களின் கைவண்ணம் இருந்தது. 1957ல் வெளிவந்து பெரும் வெற்றி பெற்ற ‘பொந்தியானாக்’ பேய்ப்படத்தை இயக்கியவர் இந்தியாவிலிருந்து வந்த பி. என். ராவ். அடுத்த ஆண்டு வெளிவந்த ‘ஓராங் மின்யாக்’ படத்தை இயக்கியவர் தமிழரான எல். கிருஷ்ணன். சீன முதலாளி, இந்திய இயக்குநர், மலாய் நடிகர்கள் என எல்லாரும் ஒரே கூரையின்கீழ் வேலை செய்தார்கள்.

இத்தனைக்கும் நடுவே பறவைகளை அவர் மறக்கவில்லை. 1957ல் தாம் எடுத்த படங்களுடன் பறவைகளைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். சாலிம் அலியின் பயணங்களுக்குப் பொருளுதவியும் செய்தார். பின்னாளில் சாலிம் அலி தம் தன்வரலாற்றில் இந்த நண்பருக்கென ஒரு தனி அத்தியாயம் ஒதுக்கினார். மலாயன் ஏர்வேஸ் விமான நிறுவனத்தின் தலைவராகவும் தேசிய நூலக வாரியத்தின் தலைவராகவும் லோக் பொறுப்பு வகித்தார்.

முடிவுறாத பயணம்

1964 ஜூனில் ஆசியத் திரைப்பட விழாவுக்காக லோக் தம் மனைவியுடனும் நிறுவன அதிகாரிகளுடனும் தைவான் சென்றார். ஜூன் 20ஆம் தேதி தைச்சுங்கிலிருந்து தைப்பே நோக்கிப் புறப்பட்ட விமானம் சில நிமிடங்களில் விழுந்து நொறுங்கியது. அதிலிருந்த 57 பேரும் மாண்டனர். ஆறு நாளுக்கு முன்புதான் லோக்குக்கு 49 வயது நிறைந்திருந்தது. முன்பு கடலில் தப்பிய உயிர் ஆகாயத்தில் தப்பவில்லை.

அவர் மறைவுக்குப் பிறகு குடும்பத்தினர் தொழிலைத் தொடர்ந்தனர். ஆனால், 1970களின் தொடக்கத்தில் கேத்தே-கெரிஸ் படத்தயாரிப்பு நின்றது. பழைய கட்டடம் பின்னர் இடிக்கப்பட்டது. புதிய கட்டடத்தில் இயங்கிய கேத்தே திரையரங்கும் 2022 ஜூனில் மூடப்பட்டது.

எஞ்சியிருப்பது முகப்பு. ஜப்பானியப் பிரசாரகர்களும், நேதாஜியும் அவருடன் திரண்டவர்களும், நேசப்படைத் தளபதிகளும், வாரயிறுதியில் படம் பார்க்க வந்த குடும்பங்களும் அதைக் கடந்துதான் உள்ளே போனார்கள். அதைக் கட்டிய குடும்பத்தின் மகன் மட்டும், அரங்கின் மிக முக்கியமான நாளில் வெகு தொலைவில் இருந்தார்.

சிலிகி சாலைப் பக்கம் போகிறவர்கள் அடுத்தமுறை ஒரு நிமிடம் நின்று அந்த முகப்பை அண்ணாந்து பார்க்கலாம்.