ரிலே 70-ல் மாட்டிய பூச்சியும் கிரேஸ் ஹாப்பர் அம்மையாரும்



மலருக்கு ஏதாவது எழுதித் தா என்று சங்கச் செயலாளர் கேட்டபோது முதலில் பயந்துதான் போனேன். கவிதை எனக்கு வராது. எங்கள் வீட்டில் பாலிடெக்னிக் வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஃபிட்டர், அம்மா ஏற்றுமதித் துணி கம்பெனியில் தையல். அதனால், கஷ்டமான ஒரு மாதத்தில் எனக்குக் கை கொடுத்த ஒரு அம்மையாரின் கதையைச் சொல்லலாம் என்று தோன்றியது.

அது என்ன கஷ்டம்? மேனாம்பேட்டில் எங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் போகிற தூரத்தில் ஒரு சின்ன கம்பெனியில் பயிற்சிக்குப் போனேன். அங்கே பில் போடுகிற சாஃப்ட்வேர் ஒரு சர்வரில் ஓடும். மூணு நாள் நல்லா ஓடும், நாலாம் நாள் திடீரென்று படுத்துக்கொள்ளும். ரீஸ்டார்ட் பண்ணினால் ஒன்றுமே நடக்காத மாதிரி மறுபடி ஓடும். நான் சேர்ந்த வாரத்தில்தான் இது தொடங்கியது. யாரும் நேராகச் சொல்லவில்லை, ஆனால் எல்லார் பார்வையும் என் மேல்தான். ராத்திரி அப்பாவிடம் சொன்னேன். எப்பவும் கெட்டுக்கிடக்கிற மிஷினை சரி பண்ணிடலாம்மா, அப்பப்போ கெடுற மிஷின்தான் ஆளைக் கொல்லும் என்றார். அவர் பட்டறையில் பேனல் போர்டில் ஒரு ரிலே இப்படித்தான் ஆறு மாசம் ஆட்டம் காட்டியதாம்.

ரிலே என்றதும் லைப்ரரியில் படித்த ஹாப்பர் அம்மையார் ஞாபகம் வந்தார். விஷயத்துக்கு வருகிறேன்.

கிரேஸ் முர்ரே ஹாப்பர் 1906 டிசம்பர் 9-ல் நியூயார்க்கில் பிறந்தார். ஏழு வயசில் வீட்டிலிருந்த அலாரம் கடிகாரம் ஒன்றைக் கழற்றினார், மாட்டத் தெரியவில்லை. எப்படி மாட்டுவது என்று பார்க்க அடுத்ததைக் கழற்றினார். இப்படியே ஏழு கடிகாரம்! அம்மா அடிக்கவில்லை, இனிமேல் ஒன்றை மட்டும் வைத்துக்கொள் என்று விட்டுவிட்டார். (எங்கள் வீடாக இருந்தால் கதை வேறு.) தாத்தா நகரத்தின் சிவில் என்ஜினியர். சர்வே எடுக்கப் போகும்போது பேத்தியைக் கூட்டிப்போய், சிவப்பும் வெள்ளையும் பூசிய கம்பைப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொல்வாராம். சிவில் பிரிவு நண்பர்கள் கவனிக்கவும்!

அரியர் வைத்திருப்பவர்களும் கவனிக்கவும். வாசர் கல்லூரியில் சேர எழுதிய தேர்வில் லத்தீன் பாடத்தில் மார்க் போதாமல், ஒரு வருஷம் காத்திருந்துதான் சேர்ந்தார். 1928-ல் கணிதமும் இயற்பியலும் படித்து முடித்து, 1934-ல் யேல் பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். வாசரிலேயே பேராசிரியையாக நிம்மதியாக இருந்தவரை இரண்டாம் உலகப் போர் இழுத்துக்கொண்டது. கடற்படையில் சேரப் போனால் வயசு கூட, எடை கம்மி என்றார்கள். விடாமல் விலக்கு வாங்கி 1943-ல் சேர்ந்தார்.

1944 ஜூலையில் ஹார்வர்டில் ஹோவர்டு எய்க்கன் என்பவரிடம் அனுப்பினார்கள். அங்கேதான் மார்க் 1 இருந்தது. 51 அடி நீளம், 8 அடி உயரம். விநாடிக்கு மூன்று கூட்டல் போடும், ஒரு பெருக்கலுக்கு ஆறு விநாடி ஆகும். இன்றைக்கு நம் கையில் இருக்கிற செல்போன் சிரிக்கும்! ஆனால் அன்று பீரங்கிக் கணக்குகளுக்கு அதுதான் தெய்வம், இரவு பகலாக ஓடியது. அதற்கு 561 பக்கத்தில் கையேடு எழுதியவர் ஹாப்பர் அம்மையார்.

அடுத்து வந்தது மார்க் 2. இது ரிலேக்களால் ஆனது. காயிலில் மின்சாரம் போனால் கான்டாக்ட் ஒட்டும், நின்றால் விலகும். ஒட்டினால் 1, விலகினால் 0. எங்கேயாவது ஒரு கான்டாக்டில் தூசி உட்கார்ந்தால் அந்த நேரத்துக் கணக்கு மட்டும் தப்பும். தூசி நகர்ந்தால் மறுபடி சரியாகிவிடும். மிஷின் நிற்காது, சத்தம் போடாது, தப்பான விடையைச் சாதுவாகக் கொடுத்துவிடும். அப்பா சொன்ன அதே வியாதிதான்.

1947 செப்டம்பர் 9. அன்றைய லாக் புத்தகத்தின் பக்கம் இன்றும் இருக்கிறது. காலை 8 மணிக்கு ஓட்டினார்கள், 10 மணிக்கு நிறுத்தினார்கள். ஒரு சோதனைக் கணக்கின் விடை 2.130676415 வரவேண்டும். வந்ததோ 2.130476415. நாலாவது தசம இடத்தில் 6-க்குப் பதில் 4, மற்ற எல்லா இலக்கமும் சரி! வேக சோதனையில் சில ரிலேக்கள் தேறவில்லை என்று மாற்றினார்கள். 11 மணிக்கு வேறொரு சோதனை நாடா. 3.25-க்கு கூட்டல் பகுதிக்குச் சோதனை. 3.45-க்கு, எஃப் பேனலில் 70-ஆம் ரிலேயில் அந்துப்பூச்சி ஒன்று மாட்டியிருந்ததைக் கண்டுபிடித்தார்கள். அதை எடுத்து அந்தப் பக்கத்திலேயே டேப் போட்டு ஒட்டி, பூச்சி நிஜமாகவே அகப்பட்டது இதுதான் முதல் தடவை என்று கிண்டலாக ஒரு குறிப்பும் எழுதினார்கள். கோடைக்காலம், ஏசி கிடையாது, வலை இல்லாத சன்னல் திறந்தே கிடந்தது என்று அம்மையார் பின்னாளில் சொல்வாராம்.

பலரும் பக் என்ற சொல்லே அன்றுதான் பிறந்தது என்று எழுதுகிறார்கள். அது தவறு. எடிசன் 1878-லேயே கோளாறுக்கு அந்தச் சொல்லை எழுதியிருக்கிறார், கிண்டலே அதனால்தான். பூச்சியைப் பிடித்தவரும் அம்மையார் இல்லை, அவர் குழுவினர்தான். ஊர் ஊராகச் சொல்லிப் புகழாக்கியவர் அவர்.

எனக்குப் பூச்சி முக்கியமாகப் படவில்லை, நேரம்தான் முக்கியமாகப் பட்டது. 8, 10, 11, 3.25, 3.45. விடை தெரிந்த கணக்கைக் கொடுத்து, ஒவ்வொரு பகுதியாக ஓட்டி, நேரத்தோடு எழுதியிருக்கிறார்கள். நானும் ஒரு 80 பக்க நோட்டு வாங்கினேன். (முதல் தடவை அவசரத்தில் லாக் ஃபைலையே அழித்துத் தொலைத்தது நான்தான், அதையும் எழுதினேன்.) மூன்று வாரத்தில் சர்வர் நாலு முறை படுத்தது. நாலும் சாயங்காலம் 4.10-க்கும் 4.20-க்கும் நடுவில்! அந்த நிமிஷத்து லாக்கைத் தேடினால், மெமரி தீர்ந்துபோனதால் ஆபரேட்டிங் சிஸ்டமே அந்த ப்ராசஸைக் கொன்றுவிட்டதாக ஒரு வரி. 4.10-க்கு தினமும் பேக்கப் ஓடும். கணக்குப் பிரிவில் என்றைக்காவது பெரிய ரிப்போர்ட் எடுப்பார்கள், அது எல்லா பில்லையும் ஒரே மூச்சில் மெமரிக்குள் இழுக்கும். தனித்தனியாக இரண்டும் சாது, சேர்ந்தால்தான் வம்பு. பேக்கப்பை ராத்திரிக்கு மாற்றி, ரிப்போர்ட்டைப் பகுதி பகுதியாக எடுக்க வைத்தோம். அப்புறம் படுக்கவில்லை. அந்தப் பார்வைகளும் நின்றன.

அம்மையார் 1949-ல் பிலடெல்பியா போய் யூனிவாக் தயாரித்த கம்பெனியில் சேர்ந்தார். அங்கே ஒரு வேடிக்கை. அவர் பேங்க் கணக்கு எப்போதும் உதைத்தது. பேங்கில் வேலை செய்த தம்பி உட்கார்ந்து பார்த்துவிட்டுச் சொன்னார், அக்கா சில கழித்தல்களை எட்டின் அடிமான எண்முறையில் போட்டிருக்கிறார்! நம் டிஜிட்டல் பாடத்தில் வரும் அதே ஆக்டல். பகலெல்லாம் மிஷினுக்காக அப்படிப் போட்டுப் போட்டு வந்த பழக்கம்.

ஹார்வர்டிலிருந்தே இன்னொன்றும் கவனித்திருந்தார். சரியாக ஓடிய நிரலை நோட்டில் எழுதி வைத்து, அடுத்தவர் அதைப் பார்த்து எழுதும்போது தப்பு நுழைகிறது. மனுஷனுக்கு ஒழுங்காகக் காப்பி அடிக்க வராது (நம்மில் சிலர் விதிவிலக்கு), ஆகவே அதை மிஷினே செய்யட்டும் என்று 1952-ல் ஏ-0 என்ற கம்பைலரை உருவாக்கினார். கணிப்பொறியால் அது முடியாது என்று சொன்னவர்கள் ரொம்ப நாள் நம்பவே இல்லையாம். பிறகு ஆங்கிலச் சொற்களில் நிரல் எழுதும் ஃப்ளோமேட்டிக். அதைப் பெரிதும் தழுவி 1959-ல் ஒரு குழு வடிவமைத்ததுதான் கோபால் மொழி. (எனக்கு எங்கள் தெரு கோபால் மாமா ஞாபகம் வரும்.)

1966-ல் ஓய்வு கொடுத்த கடற்படை அடுத்த வருஷமே ஆறு மாசத்துக்கு என்று திரும்பக் கூப்பிட்டது. அந்த ஆறு மாசம் 1986 வரை நீண்டது! ரியர் அட்மிரலாக ஓய்வு பெறும்போது வயசு 79. அலுவலகச் சுவரில் எதிர்ப்பக்கமாகச் சுற்றும் கடிகாரம் மாட்டியிருந்தார். கூட்டங்களில் 30 சென்டிமீட்டர் ஒயர்த் துண்டுகளை விநியோகிப்பார், ஒரு நானோ விநாடியில் மின்சாரம் அதற்கு மேல் போகாது என்று கண்ணால் பார்க்கட்டும் என்பதற்காக.

1992 ஜனவரி 1-ல் ஆர்லிங்டனில் உறக்கத்திலேயே காலமானார். அந்த லாக் புத்தகம் வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில், பூச்சி ஒட்டியபடியே இருக்கிறது. பூச்சிக்குக் கீழே இன்னும் இரண்டு வரி உண்டு. 4.30-க்கு மறுபடி ஓட்டியிருக்கிறார்கள். 5 மணிக்கு மூடிவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறார்கள்.