மரத்தடி மருத்துவம்

ஐடா ஸ்கடர் 1870 ஆம் ஆண்டு இராணிப்பேட்டையில் அமெரிக்கச் சமயப்பணியாளர் குடும்பத்தில் பிறந்தார். இந்தியாவில் தங்கிப் பணிபுரியும் எண்ணம் இளமையில் அவருக்கு இல்லை.

திண்டிவனத்தில் ஓரிரவு, பேறுகால வேதனையில் துடித்த தம் மனைவியர்க்கு உதவி வேண்டி மூவர் அடுத்தடுத்து வந்தனர். ஐடா அப்போது மருத்துவர் அல்லர். அவருடைய தந்தை மருத்துவர். ஆயினும், ஆண் என்பதால் அவரை அம்மூவரும் ஏற்கவில்லை. அப்பெண்கள் மூவரும் இறந்தனர். அந்த இரவு ஐடாவின் வாழ்வைத் திசைதிருப்பியது.

அமெரிக்காவில் 1899 இல் மருத்துவப் பட்டம் பெற்றுத் திரும்பிய அவர், வேலூரில் 1902 இல் மருத்துவமனையை நிறுவினார். 1918 இல் 17 மாணவியருடன் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். மருத்துவமனைக்கு வர இயலாத சிற்றூர் மக்களுக்காகக் குடியாத்தம் சாலையோர மரநிழலில் அவர் மருத்துவம் பார்த்துவந்தார். அங்கு மாணவியரையும் உடன் அழைத்துச் சென்றார். புண்களைக் கழுவிக் கட்டுவதையும் மருந்து வழங்குவதையும் அவர்கள் அங்கே பழகினர். நூல்களில் படித்த நோய்களை மக்களின் வறுமையோடு சேர்த்துக் கண்டனர்.

முதல் அணியினருள் 14 பேர் 1922 இல் மருத்துவராயினர். உதவிக்கு ஒரு பெண் மருத்துவர் இல்லாத இரவில் முளைத்த எண்ணம், நோயாளரைத் தேடிச் செல்லும் பெண் மருத்துவர்களை உருவாக்கியது. ஐடா 1960 இல் மறைந்தார். சிற்றூர்களை நாடிச் செல்லும் அவரது வழக்கம் வேலூரில் இன்றும் தொடர்கிறது.