போர் சட்டப்படி சரியா? அதிபரையே கேள்வி கேட்ட ஆபிரகாம் லிங்கன் - 1847-ல் நடந்தது என்ன?

அடிமை முறையை ஒழித்த அமெரிக்க அதிபர் என்றுதான் ஆபிரகாம் லிங்கனை நமக்குத் தெரியும். ஆனா, அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, புதுமுக எம்.பி.யாக இருந்தபோது, தன் நாடு நடத்திய போரையே கேள்விக்குள்ளாக்கி வாங்கிக் கட்டிக்கொண்டவர் அவர்.

என்ன போர் அது?

1846 ஏப்ரலில் அமெரிக்க, மெக்சிகோ படைகள் மோதின. நியூசெஸ், ரியோ கிராண்டே ஆறுகளுக்கு நடுவே, இரு நாடுகளும் சொந்தம் கொண்டாடிய பகுதி அது. மெக்சிகோ நம் மண்ணில் புகுந்து ரத்தம் சிந்த வைத்துவிட்டது என்றார் அதிபர் ஜேம்ஸ் போல்க். மே 13-ம் தேதி நாடாளுமன்றமும் போருக்கு ஒப்புதல் கொடுத்தது.

லிங்கன் கேட்டது என்ன?

இல்லினாய்ஸ் வக்கீலான லிங்கன், 1847 டிசம்பர் 22-ம் தேதி பிரதிநிதிகள் சபையில் 8 தீர்மானங்களைக் கொண்டு வந்தார். சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்வது போன்ற கேள்விகள் அவை. ரத்தம் சிந்திய இடம் எது? அது உண்மையிலேயே அமெரிக்க மண்தானா?

ஏன் இது முக்கியம்? போர் அறிவிக்கும் அதிகாரத்தை அமெரிக்க அரசியலமைப்பு நாடாளுமன்றத்திடம்தான் கொடுத்திருக்கிறது. ஆனா, தகராறில் இருக்கும் நிலத்துக்கு அதிபர் படையை அனுப்பி, அங்கே சண்டை மூண்டுவிட்டால், நாடாளுமன்றத்துக்கு வேறு வழி ஏது? இதுதான் லிங்கனின் வாதம்.

தீர்மானங்களைச் சபை ஏற்கவில்லை. போல்க் பதில் சொல்லவும் இல்லை. ஆனாலும், போரை அதிபர் தேவையில்லாமலும் அரசியலமைப்புக்கு விரோதமாகவும் தொடங்கினார் என்ற கண்டனம் 1848 ஜனவரி 3-ம் தேதி 85-81 என்ற கணக்கில் நிறைவேறியது. லிங்கன் அதை ஆதரித்து வாக்களித்தார். அதேசமயம், களத்தில் இருந்த வீரர்களுக்கான நிதியை அவர் எதிர்க்கவில்லை.

பிறகு என்னாச்சு?

இடம் எது என்று கேட்டதற்காக ஸ்பாட்டி லிங்கன் என்று கிண்டல் செய்தார்கள். அவருடைய வக்கீல் தொழில் கூட்டாளியே இதை ஏற்கவில்லை. 10 ஆண்டுகள் கழித்து, 1858 செனட் தேர்தல் விவாதங்களிலும் எதிராளி ஸ்டீபன் டக்ளஸ் இதைச் சொல்லியே தாக்கினார்.

அதே கேள்வி லிங்கனுக்கும் வந்தது

1861 ஏப்ரலில் தென் மாநிலப் படைகள் சம்டர் கோட்டையைத் தாக்கின. அப்போ அதிபர் லிங்கன். நாடாளுமன்றம் கூடும் முன்பே தென் மாநிலத் துறைமுகங்களை முற்றுகையிட உத்தரவிட்டார். ஜூலை 4-ம் தேதி நாடாளுமன்றத்தைக் கூட்டி, பிறகே ஒப்புதல் வாங்கினார்.

இது செல்லுமா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. நாட்டின் மீது போர் தொடுக்கப்பட்டால், அதிபர் நாடாளுமன்றத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை என்று 1863-ல் தீர்ப்பு வந்தது. அதுவும் 5-4 என்ற கணக்கில். ஒரு நீதிபதி மாறியிருந்தால், போல்க்கிடம் கேட்ட கேள்விக்கு லிங்கனே பதில் சொல்ல வேண்டி வந்திருக்கும்.