வெறுங்கை வைத்தியர்

1975இல் அந்தோணி ஹாப்கின்ஸ் நடித்து வந்த 'ஆல் கிரியேச்சர்ஸ் கிரேட் அண்ட் ஸ்மால்' படத்தைப் பார்த்திருக்கிறீர்களா? அதன் நாயகன் ஜேம்ஸ் ஹெரியட், நிஜத்தில் ஆல்ஃப் வைட் என்ற கால்நடை மருத்துவர். 1940இல் இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் உள்ள தர்ஸ்க் ஊருக்கு வேலைக்கு வந்தவர், வாழ்நாளின் பெரும்பகுதியை அந்த வட்டாரத்திலேயே கழித்தார். எழுத உட்கார்ந்தபோது வயது 50. மருத்துவர்கள் விளம்பரம் தேடக்கூடாது என்பது அன்றைய தொழில் விதி. அதனால் ஒரு கால்பந்து கோல்கீப்பரின் பெயரைப் புனைபெயராக வைத்துக்கொண்டார்.

கன்று குறுக்கே கிடந்தால் சட்டையைக் கழற்றி, சோப்பு தடவிய கையைத் தோள்வரை பசுவுக்குள் விட்டுத் திருப்புவார். நஞ்சுக்கொடி விழாத பசுவுக்கும் வெறுங்கைதான். நீங்களும் அப்படிச் செய்பவரா? பசுக்களிடமிருந்து அவருக்குக் கன்று வீச்சு நோய் தொற்றியது. நடுக்கமும் காய்ச்சலும் விட்டுவிட்டு வந்தன. அதற்குப் பிறகும் தொழுவத்துக்குப் போவதை அவர் நிறுத்தவில்லை. 1995இல் காலமானார்.