பிள்ளைகளின் பயத்தைப் போக்கிய மாண்டிசோரி அம்மையார்



காலை எட்டரை மணிக்கு நம் தென்னேரித் தெருக்களில் நின்று பாருங்கள். ஏதாவது ஒரு வீட்டு வாசலில் சிறுபிள்ளையொன்று தூணைக் கட்டிக்கொண்டு அழும். தாய் அதன் கையைப் பிடித்து இழுப்பாள். போகாவிட்டால் வாத்தியாரிடம் சொல்லித் தோலை உரிக்கச் சொல்வேன் என்று பாட்டியும் சேர்ந்து பயமுறுத்துவாள். கண்ணை மட்டும் விட்டுவிடுங்கள், மற்றதை உரித்துக்கொள்ளுங்கள் என்று உபாத்தியாயரிடம் பிள்ளையை ஒப்படைத்த பரம்பரை நம்முடையது. அடியாத மாடு படியாது என்பது நமக்கு வேதவாக்கு. அது மாட்டுக்குத்தான் பொருந்துமோ என்னவோ, பிள்ளைக்குப் பொருந்தாது என்று வாழ்நாள் முழுவதும் காட்டிய ஒரு கத்தோலிக்க அம்மையாரின் சரித்திரத்தை இவ்வாரம் சொல்லுகிறேன்.

மரிய மாண்டிசோரி 1870-ஆம் வருடம் ஆகஸ்ட் 31-ந் தேதி இத்தாலி தேசத்துக் கியாரவல்லே என்னும் ஊரில் பிறந்தார். தகப்பனார் அரசாங்க உத்தியோகஸ்தர். மகள் வைத்தியம் படிப்பதில் அவருக்குச் சம்மதமில்லை. கூடப் படித்த வாலிபர்களுக்கும் பிடிக்கவில்லை. ஆண்களோடு சேர்ந்து பிரேதப் பரிசோதனை செய்வது முறையல்ல என்று விலக்கியபடியால், எல்லாரும் போனபின் தனியாக அந்த அறையில் இருந்து படித்தார். 1896-ல் ரோமைச் சர்வகலாசாலையில் டாக்டர் பட்டம் பெற்றார்.

முதலில் அவருக்குக் கிடைத்த வேலை, புத்தி மந்தமான குழந்தைகளிடையே. அக்காலத்தில் அவர்களைப் பைத்தியக்காரர்களோடு ஒன்றாய் அடைத்து வைத்திருந்தார்கள். இத்தார், செகேன் என்ற இரு பிரெஞ்சு வைத்தியர்களின் நூல்களைப் படித்து, கையால் தொட்டுப் பழகும் சாமான்களைக் கொண்டு அம்மையார் அவர்களுக்குக் கற்பித்தார். அவர்களில் சிலர் மற்றப் பிள்ளைகளோடு பரீட்சை எழுதித் தேறினார்கள். ஊரார் அதிசயித்தார்கள். அம்மையாரின் அதிசயமோ வேறு. நல்ல புத்தியுள்ள பிள்ளைகளை இவர்களுக்குச் சமமாய் நிறுத்தி வைக்கும்படி நம் பள்ளிக்கூடங்கள் அவர்களை என்ன செய்கின்றன என்று யோசித்தார்.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். 1898-ல், விவாகமில்லாமல், அவருக்கு மாரியோ என்ற மகன் பிறந்தான். குழந்தையை நாட்டுப்புறத்தில் வேறொரு குடும்பத்தில் வளர விட்டார். தம் தாயார் 1912-ல் இறந்த பிற்பாடுதான், ஏறக்குறைய பதினைந்து வயதான மகனைத் தம்மிடம் சேர்த்துக்கொண்டார். ஊரார் பிள்ளைகளைப் பற்றி அவர் பேசிய பேச்சில் இருக்கும் உருக்கத்துக்கு இந்தத் துயரமும் ஒரு காரணமாயிருக்கலாம் என்பது என் எண்ணம்.

1907-ஆம் வருடம் ஜனவரி 6, மூன்று இராஜாக்கள் திருநாள். ரோமையில் சான் லொரென்ஸோ என்ற ஏழைகள் பேட்டையில் ஓர் அறை திறக்கப்பட்டது. அங்குள்ள வீடுகளைப் புதுப்பித்த கம்பெனிக்குப் பிள்ளைகள் மேல் பெரிய அக்கறை ஒன்றுமில்லை. பெற்றோர் கூலிக்குப் போனபின் சிறுசுகள் சுவரைக் கிறுக்கிக் கெடுத்தன. அவற்றை ஒரிடத்தில் அடைத்து வைக்க வேண்டும், அவ்வளவுதான். சுவரைக் காப்பாற்றத் திறந்த அந்த அறைதான் உலகமெங்கும் பெயர் பெற்ற முதல் குழந்தைகள் வீடு.

ஐம்பதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் வந்தார்கள். அழுக்கும் அழுகையுமாய், மனிதரைக் கண்டால் ஒதுங்குகிற பிள்ளைகள். அவர்களுக்கு அம்மையார் கொடுத்தவற்றில் ஒன்று, பத்துக் குழிகளுள்ள ஒரு கட்டை. அவற்றில் பொருந்தும் பத்து மர உருளைகள். ஒன்றைத் தவறான குழியில் வைத்தால் கடைசியில் ஓர் உருளை இடமில்லாமல் கையில் நிற்கும். பிழையைக் கட்டையே காட்டிவிடும். தலையில் குட்ட யாரும் வேண்டியதில்லை. பிள்ளை வெட்கப்படவும் வேண்டியதில்லை. மறுபடி செய்து பார்க்கலாம். ஒரு சிறுமி இதை நாற்பது தடவைக்கு மேல் செய்தாள். சோதிப்பதற்காக மற்றப் பிள்ளைகளைச் சுற்றிப் பாடச் சொன்னார் அம்மையார்; அவளை நாற்காலியோடு தூக்கி மேசைமேல் வைத்தார். அவள் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. முடித்தபின் களைப்பில்லாமல், நன்றாய்த் தூங்கி எழுந்தவள்போல் சிரித்தாள்.

மிட்டாயும் பதக்கமும் கொடுத்துப் பார்த்தார்கள். பிள்ளைகள் அவற்றை மதிக்காததைக் கண்டு வெகுமதி, தண்டனை இரண்டையும் விட்டுவிட்டார்.

ஒருநாள் மூக்குச் சிந்தும் விதத்தைப் பாடமாக நடத்தினார். கைக்குட்டையை எப்படி மடிப்பது, சத்தமில்லாமல் எப்படித் துடைப்பது என்று செய்து காட்டினார். பிள்ளைகள் வைத்த கண் வாங்காமல் பார்த்திருந்து, முடிவில் கைதட்டினார்கள். அம்மையார் திகைத்துப் போனார். பிறகுதான் விளங்கிற்று. மூக்கொழுகுகிறது என்று அந்த ஏழைப் பிள்ளைகளை எல்லாரும் ஏசியிருந்தார்கள். எப்படித் துடைப்பது என்று ஒருவரும் அதுவரை கற்றுக்கொடுத்ததில்லை. இந்தச் சம்பவத்தை நான் ஞானோபதேச வகுப்புக்குப் போகுமுன் அடிக்கடி நினைத்துக்கொள்வதுண்டு.

செல்லம் கொடுத்துக் கெடுக்கும் முறை இது என்று நினைத்துவிடாதீர்கள். எடுத்த சாமானை எடுத்த இடத்தில் வைக்க வேண்டும். ஒருவன் வேலை செய்கையில் மற்றவன் குறுக்கிடக் கூடாது. உடையாத தகரக் குவளைக்குப் பதிலாகக் கண்ணாடிக் குவளையையே கையில் கொடுத்தார், ஜாக்கிரதை வரட்டும் என்று. ஒழுங்கு இருந்தது, பயம்தான் இல்லை.

அவர் கீர்த்தி சீக்கிரம் பரவிற்று. பார்ஸலோனாவில் சிறுவர்களுக்கென்றே சிறிய கோவில் அமைத்துத் திருச்சடங்குகளைக் கற்பித்தார். 1931-ல் காந்தியடிகள் லண்டனில் அவரது பயிற்சிப் பள்ளிக்கு வந்தார். முதலில் ஆதரவு கொடுத்த முசோலினியின் அரசாங்கம் 1934-ல் இத்தாலியில் அவர் பள்ளிகளை மூடியது. ஜெர்மனியிலும் அதே கதிதான். பயமில்லாமல் வளர்ந்த பிள்ளை சர்வாதிகாரிக்கு எதற்கு உதவும்?

1939-ல், 69-ஆம் வயதில், சில மாதங்களுக்கென்று சென்னை அடையாற்றுக்கு வந்தார். அழைத்தவர்கள் பிரம்மஞான சபையார். கத்தோலிக்கப் பெண்மணி அங்கே தங்கலாமா என்று முணுமுணுத்தவர்கள் உண்டு. ஆனால் அன்று நாம் யாரும் அவரை அழைக்கவில்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். முதல் வகுப்பிலேயே சுமார் 300 ஆசிரியர்கள் சேர்ந்தார்கள். அவர் இத்தாலிய பாஷையில் பேச, மாரியோ ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். 1940 ஜூனில் இத்தாலி யுத்தத்தில் இறங்கியதும் ஆங்கில அரசாங்கம் மகனைச் சிறைமுகாமில் வைத்தது. தாயை அடையாற்றை விட்டு நகரக் கூடாதென்றது. ஆகஸ்ட் 31, அவரது எழுபதாம் பிறந்த நாளன்று, மாரியோ விடுதலையானார். பிற்பாடு கொடைக்கானலில் தங்கிப் பெரிய பிள்ளைகளின் கல்வியை ஆராய்ந்தார். 1946-ல் ஐரோப்பா திரும்பி, மறுவருடமே மீண்டும் வந்து, 1949 வரை இங்கே உழைத்தார். 1952 மே 6-ந் தேதி ஹாலந்து தேசத்து நோர்ட்வைக் என்னும் கடற்கரை ஊரில் மரித்தார். அங்குள்ள கத்தோலிக்கக் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார்.

பிள்ளையை அடிப்பதும் மனம் நோகச் செய்வதும் கூடாதென்று 2009-ஆம் வருடத்துக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு சொல்லுகிறது. அதற்கு முன்னமே, 2003-ல், சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. ஆந்திர நாட்டு ரிஷிவேலிப் பள்ளியாரின் முறையைப் பார்த்துவந்து அமைத்தது அது. எனினும் அம்மையாரின் சாயல் அதில் நன்றாகத் தெரிந்தது. 2007-08-ல் தமிழ்நாட்டு அரசு ஆரம்பப் பள்ளிகளுக்கெல்லாம் அது வந்தது. பிள்ளைகள் பாயில் வட்டமாய் உட்கார்ந்து, தத்தம் படிக்குரிய அட்டையைத் தாமே எடுத்தார்கள். அறுவடைக்கோ காய்ச்சலுக்கோ பத்து நாள் வராதவன், விட்ட இடத்திலிருந்தே தொடர்ந்தான். ஆசிரியையும் தரையில் உட்கார்ந்தார். எட்டாத உயரத்துப் பலகை போய், சுவரின் அடியில், பிள்ளையின் கைக்கெட்டும்படி ஆளுக்கொரு கரும்பலகை வந்தது.

அன்று ஒன்றாம் வகுப்பில் இருந்தவர்கள் இன்று இருபது வயதைத் தாண்டிவிட்டார்கள். சிலர் கைக்குழந்தையோடு ஞாயிறு பூசைக்கு வருகிறார்கள். பூசை முடிந்ததும் அவர்களை நிறுத்தி, அந்த அட்டைகளைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள்.