ஹாலிவுட் நடிகை கொடுத்த டார்பிடோ ஐடியா... சிக்னல் ஜாமிங்கை ஏமாற்றும் வித்தை! யார் இந்த ஹெடி லமார்?

1940-களில் ஹாலிவுட்டின் மிக அழகான பெண் என்று கொண்டாடப்பட்டவர் ஹெடி லமார். ஆனா, இன்னைக்கு நம்ம காதுல இருக்கிற ப்ளூடூத் கருவி இயங்கும் முறையிலும் அவரோட யோசனை இருக்குன்னா நம்ப முடியுதா?

ஆயுத வியாபாரியின் வீட்டில்...

1914 நவம்பர் 9-ல் ஆஸ்திரியாவின் வியன்னாவில் பிறந்தவர். இயற்பெயர் ஹெட்விக் கீஸ்லர். 1933-ல் ஆயுதத் தொழிலதிபர் ஃபிரிட்ஸ் மண்டலைத் திருமணம் செய்தார். வீட்டுக்கு வரும் விருந்தாளிகளின் பேச்சு பெரும்பாலும் ஆயுதங்களைப் பற்றித்தான். அதையெல்லாம் காதில் வாங்கிக்கொண்டார். 1937-ல் கணவரைப் பிரிந்து வெளியேறி, ஹாலிவுட்டில் ஹெடி லமார் ஆனார்.

ஜாமிங்னா என்ன?

1940 செப்டம்பரில், குழந்தைகளை ஏற்றிச் சென்ற பிரிட்டன் கப்பல் சிட்டி ஆஃப் பெனாரஸை ஜெர்மனி நீர்மூழ்கி மூழ்கடித்தது. நாஜிக்களுக்கு எதிராக ஏதாவது செய்யணும்னு நினைத்த ஹெடி, டார்பிடோவைக் கையில் எடுத்தார்.

டார்பிடோவை ரேடியோ சிக்னல் மூலம் இயக்கலாம். சிக்கல் என்னன்னா, அது எந்த அலைவரிசைன்னு எதிரி கண்டுபிடிச்சுட்டா, அதே அலைவரிசையில் இரைச்சலைக் கிளப்பிவிடுவான். சிக்னல் அமுங்கிடும், டார்பிடோ திசைமாறிடும். இதுதான் ஜாமிங்.

ஹெடியின் விடை ரொம்ப எளிமை: ஒரே அலைவரிசையில் நிற்காதே, தாவிக்கொண்டே இரு! அனுப்புற கருவியும் வாங்குற கருவியும் ஒரே ரகசிய வரிசைப்படி, ஒரே நேரத்தில் தாவணும். வரிசை தெரியாத எதிரி எங்கே தேடுவான்?

இதைச் செயல்படுத்த கைகொடுத்தவர் இசையமைப்பாளர் ஜார்ஜ் ஆன்தைல். தானாக வாசிக்கும் பியானோவின் துளையிட்ட காகிதச் சுருளைப் பயன்படுத்தினார்கள். பியானோ கட்டைகள் போலவே 88 அலைவரிசைகள்! 1942 ஆகஸ்ட் 11-ல் காப்புரிமை கிடைத்தது.

கிடைத்தது என்ன?

கருவி ரொம்பப் பெருசுன்னு சொல்லி அமெரிக்கக் கடற்படை ஒதுக்கிவிட்டது. ஹெடியோ போர்ப் பத்திரம் விற்க மேடை ஏறினார். அவரோட அழகு தேவைப்பட்டது, அறிவு தேவைப்படல. 1959-ல் காப்புரிமை காலாவதியானது. அவருக்குக் காசு எதுவும் வரல.

இன்னைக்கு எங்கே இருக்கு?

வைஃபையின் தாய் என்று சோஷியல் மீடியாவில் சொல்வது மிகை. இன்றைய வைஃபை வேறு முறையில் இயங்குது. அலைவரிசை தாவும் யோசனையும் அவருக்கு முன்பே சிலருக்கு இருந்தது. ஆனா ப்ளூடூத் அப்படித் தாவித்தான் இயங்குது. வழக்கமாக நொடிக்கு 1,600 முறை! ஆலைகளில் வெப்பத்தையும் அழுத்தத்தையும் அளந்து அனுப்பும் வயர்லெஸ் சென்சார்களிலும் இதே உத்திதான். ஒரு சேனலில் இடையூறு வந்தால், அடுத்த தகவல் வேறு சேனலில் போயிடும். எல்லா சேனலையும் ஒரேயடியாக அடைத்தால் இதுவும் தடுமாறும். ஆனா அதுக்கு எதிரிக்குப் பல மடங்கு சக்தி வேணும்.

1997-ல்தான் எலக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன் விருது அளித்து அங்கீகரித்தது. அப்போ ஹெடிக்கு வயசு 82. 2000 ஜனவரி 19-ல் ஃபுளோரிடாவில் காலமானார். 2014-ல் அமெரிக்காவின் தேசியக் கண்டுபிடிப்பாளர்கள் அரங்கில் பெயர் இடம்பெற்றது. பார்க்கத்தான் அவர் இல்லை.