பேய்க் கதையாகிப் போன கொடையாளர்



மாமல்லபுரம் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் நாம் எத்தனையோ முறை பயணம் செய்திருப்போம். வழியில் கோவளத்தில் இறங்கி, கார்மேல் மாதா ஆலயத்தில் செபித்துவிட்டுப் போகிறவர்களும் நம்மிடையே உண்டு. அந்த ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டிருக்கும் ஒரு மனிதரை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

அவர் பெயர் ஜான் டி மான்டி. இப்பெயரைக் கேட்டதும் நம் இளைஞர்களுக்கு நினைவுக்கு வருவது சென்னை ஆழ்வார்பேட்டையிலுள்ள டி மான்டி காலனியும், அந்தப் பெயரில் 2015ஆம் ஆண்டு வெளிவந்த பேய்ப் படமும்தான். படத்தில் வருபவர் கொடூரமானவர். ஆனால் கோவளத்தில் உறங்குபவர் வேறு மனிதர்.

கோவளம் 18ஆம் நூற்றாண்டில் கர்நாடக நவாபின் துறைமுகமாக விளங்கிய ஊர். ஐரோப்பிய வணிகர்கள் இங்கே கிடங்குகள் வைத்திருந்தனர். பிரெஞ்சுக்காரர் வசமிருந்த இவ்வூர்க் கோட்டையை 1752இல் ராபர்ட் கிளைவின் படை கைப்பற்றியது. பின்னர் அது தகர்க்கப்பட்டது. கோட்டையும் துறைமுகமும் போய்விட்டன. மீனவ மக்களும் அவர்களுடைய மாதா பக்தியும் நிலைத்து நிற்கின்றன.

போர்த்துக்கீசிய வம்சாவளியைச் சேர்ந்த டி மான்டி சென்னையின் பெரும் வணிகர்களில் ஒருவர். அந்நாளில் புகழ்பெற்றிருந்த ஆர்பத்நாட் நிறுவனத்தில் பங்குதாரர். ஒரு காலத்தில் அந்த நிறுவனத்தின் பெயரிலேயே இவருடைய பெயரும் சேர்ந்திருந்தது. வணிகர்கள் கோட்டையை விட்டு வெளியே வந்து, பரந்த தோட்டங்களின் நடுவே பெரிய பங்களாக்களில் வாழத் தொடங்கிய காலம் அது. டி மான்டிக்கும் நகரில் நிலங்களும் தோட்டங்களும் ஏராளமாக இருந்தன.

ஆனால் வீட்டுக்குள் மகிழ்ச்சி தங்கவில்லை. ஒரே மகன் இளம் வயதில் இறந்துபோனான் என்றும், அந்தத் துயரில் மனைவி மனநோய்க்கு ஆளானார் என்றும் அவரைப் பற்றிக் கூறுவர். யோபுவின் வீட்டில் நடந்தது போலவே ஆயிற்று.

இப்படிப்பட்ட துயரில் மனிதன் கடவுளைச் சபிக்கலாம். சொத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கசந்தும் போகலாம். டி மான்டி அப்படிச் செய்யவில்லை. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோவளத்தில் மாதாவுக்கு ஆலயம் எழுப்பினார். தம் பெருஞ்செல்வத்தை அறப்பணிகளுக்கென அன்றைய மயிலாப்பூர் மறைமாவட்டத்திற்கு எழுதி வைத்தார். 1821இல் இறந்தபோது, கடலோசை கேட்கும் கோவளம் ஆலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

இங்கிலாந்தில் பழைய பிரபுக்களின் மாளிகைகள் பலவற்றுக்கும் ஒரு பேய்க் கதை உண்டு. நம் ஊரும் அதற்குக் குறைந்ததல்ல. இரவில் டி மான்டி உலாவுகிறார், பூட்டிய வீட்டுக்குள் நாற்காலி தானாக ஆடுகிறது, உள்ளே போன நாய்கள் திரும்புவதில்லை என்றெல்லாம் அந்தக் காலனியைப் பற்றிக் கதைகள் உலவின. உண்மை என்ன? அந்த வீடுகள் அவர் இறந்து நெடுங்காலத்துக்குப் பிறகு கட்டப்பட்டவை. அவர் அங்கே ஒருநாள்கூடத் தங்கியதில்லை. ஆளில்லாமல் பூட்டிக் கிடக்கும் வீட்டுக்குக் கதை முளைப்பது எங்கும் நடப்பதுதான். பெயர்ப்பலகையில் இருந்த பாவத்துக்கு அவர் பேயாக்கப்பட்டார்.

இதைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போய்விட முடியுமா? பொய்ச்சாட்சி சொல்லாதிருக்க நமக்குக் கற்பிக்கும் எட்டாம் கட்டளை, உயிரோடு இருப்பவர்களின் நற்பெயரை மட்டுமா காக்கிறது? மறுத்துப் பேச முடியாத இறந்தவர்களின் பெயரையும் அது காக்கிறது அல்லவா? இன்னொன்றும் உண்டு. பிள்ளையை இழந்த தாயின் மனநோயைச் சாபம் என்று பேசும் வழக்கம் நம் பங்குகளிலும் இருக்கிறது. அப்படிப்பட்ட வீட்டின் வாசலை மிதிக்க நாம் தயங்குகிறோம். ஆறுதல் தேவைப்படும் வீட்டையே நாம் பேய் வீடாக்கிவிடுகிறோம்.

டி மான்டி புனிதர் என்று நாம் சொல்ல வரவில்லை. அக்கால வணிகத்தில் சேர்ந்த செல்வமெல்லாம் தூய வழியில் வந்தது என்று சாதிக்கவும் முடியாது. அதை ஆண்டவர் அறிவார். ஆயினும் ஒன்றை எண்ணிப் பார்ப்போம். அவர் பங்கு வகித்த ஆர்பத்நாட் நிறுவனம் 1906ஆம் ஆண்டு அக்டோபரில் திவாலானது. அதை நம்பிப் பணம் போட்ட ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கண்ணீர் வடித்தன. பெட்டகத்தில் இருந்தது கரைந்தது. ஆண்டவருக்கென்று கொடுத்தது நிலைத்தது. களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்ட நினைத்த அறிவற்ற செல்வனின் உவமை நமக்குச் சொல்வதும் இதைத்தானே?

இறந்தோருக்காக மன்றாடுவது நல்லது என்று மக்கபேயர் நூல் நமக்குக் கற்பிக்கிறது. அடுத்த முறை கோவளம் செல்லும்போது, கடற்கரையில் கால் நனைத்துவிட்டு அப்படியே திரும்பிவிடாமல், மாதாவின் ஆலயத்தில் சிறிது நேரம் முழந்தாளிடுவோம். ஜான் டி மான்டிக்காகவும், நினைப்பார் எவருமின்றி உத்தரிக்கும் ஆன்மாக்களுக்காகவும் ஒரு பரலோக மந்திரம், ஒரு அருள்நிறை மந்திரம் சொல்வோம். பேய்க் கதை கேட்கும் நம் பிள்ளைகளுக்கு அந்தக் கொடையாளரின் கதையையும் சொல்லிக் கொடுப்போம்.

நித்திய இளைப்பாற்றியை ஆண்டவர் அவருக்கு அருள்வாராக. ஆமென்.